பூ இல்லாத மாசி: கார்த்திகைக் கிழங்கை வள்ளிக் கிழங்கென்று உண்ட ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரைக் கிராமம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்ற முறையில் அந்த விசாரணையை நடத்தியவன் நான். குடும்பத்தினரின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

வீட்டில் ஐவர்: அறுபதைக் கடந்த அம்மம்மா, அவருடைய மகள், மருமகன், பதினொரு வயதுப் பேத்தி, ஆறு வயதுப் பேரன். மருமகன் வயல் வேலையும் அறுவடை இயந்திர வேலையும் செய்பவர். வளவின் வடக்கு வேலி சீமைக்கிளுவைக் கதியால்களால், அதாவது நட்டு வளரவிட்ட வேலிக் கம்புகளால், ஆனது. இடையிடையே கம்பி இழுத்திருந்தது. அந்த வேலியில்தான் அம்மம்மா ஆண்டுதோறும் சிறுவள்ளி, இராசவள்ளி என்ற இருவகை வள்ளிக் கிழங்குக் கொடிகளைப் படரவிடுவார். நிகழ்வுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் மகள், ஊர் எல்லையிலுள்ள பற்றைக்காட்டிலிருந்து கார்த்திகைப்பூக் கொடி ஒன்றைக் கிழங்கோடு பெயர்த்து வந்து அதே வேலியின் ஓரத்தில் நட்டிருந்தார். அழகுக்காகத்தான் நட்டார். மாரி மழை தொடங்கியதும் முளைத்து, கார்த்திகை விளக்கீட்டு நாட்களில் வேலி முழுவதும் தீப்பற்றியதுபோல் பூத்து நிற்கும் அக்கொடியைப் பார்த்தவர் எவரும் அவரைக் குறைசொல்ல மாட்டார்.

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்றெல்லாம் தமிழில் பெயர் பெற்ற இக்கொடியைச் சிங்களத்தில் நியங்கலா என்பர். தமிழ்நாட்டின் மாநில மலரும் சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. பூவின் ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து, ஓரம் நெளிந்து, பச்சையில் தொடங்கி மஞ்சளாகிச் செம்மஞ்சளாகி இறுதியில் முழுச் சிவப்பாகும். இலையின் நுனி நூல்போல் நீண்டு சுருண்டு, அகப்பட்டதைப் பற்றிக்கொண்டு ஏறும். கொடியின் எல்லாப் பாகங்களிலும் கொல்சிசின் என்ற நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி.

இந்நிகழ்வைப் புரிந்துகொள்ள இன்னொரு செய்தியும் தேவை. தை கழியும்போது கார்த்திகைக் கொடி காய்ந்து விழுந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். வள்ளிக் கொடிகளும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் பட்டுப்போகின்றன. கொடி பட்டபின் தோண்டுவதே வள்ளியின் அறுவடை முறை. ஆகவே வள்ளியைத் தோண்டும் மாசியில் இரண்டுக்கும் நிலத்தின் மேல் அடையாளம் எதுவும் இருப்பதில்லை. எந்தக் கதியாலின் அடியில் எது கிடக்கிறது என்பது அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் அம்மம்மா. அந்த மாசியில் அவர், உறவுப் பெண் ஒருத்தியின் பிள்ளைப்பேற்றுக்காகத் திருக்கோவில் என்ற ஊருக்குப் போயிருந்தார்.

உண்ட மாலை

அறுவடை வேலை இடையில் இரண்டு நாள் நின்றதால் மருமகன் வீட்டிலிருந்தார். பின்னேரம் அலவாங்கை எடுத்து வேலியோரம் மூன்று இடங்களில் தோண்டினார். முதல் இரண்டு குழிகளிலும் சிறுவள்ளிக் கொத்துகள் வந்தன. மூன்றாவது குழியில் வந்தவை வேறு மாதிரி இருந்தன: விரல் பருமனுக்குச் சற்றுக் கூடுதலாகவும் சாண் நீளமாகவும், இரண்டு கிளையாகப் பிரிந்தும் கிடந்தன. இராசவள்ளி எந்த வடிவத்திலும் வரக்கூடியது, கை விரித்ததுபோல் பிளவுபட்டும் வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே அவற்றை முற்றாத இராசவள்ளி என்று எடுத்துக்கொண்டார். உள்ளே வெள்ளையாக இருந்தது அவருக்கு ஐயத்தைத் தரவில்லை. வெள்ளைச் சதையுள்ள வள்ளியும் இங்கு உண்டு.

தோல் சீவியவர் அவருடைய மனைவி, பிள்ளைகளின் தாய். பின்னர் நான் கேட்டபோது, சில கிழங்குகள் கையில் வழுக்கவில்லை என்பதை அப்போதே கவனித்ததாகச் சொன்னார். வள்ளியைச் சீவினால் கை முழுவதும் வழுவழுப்பாகும். அந்த வேறுபாட்டை அவர் கை உணர்ந்தது. ஆனால் வேலை அவசரத்தில் அது ஒரு கேள்வியாக எழவில்லை.

எல்லாவற்றையும் ஒரே பானையில் உப்பிட்டு அவித்தார்கள். மாலை 7.30 மணியளவில் தேங்காய்ப்பூவும் கட்டச்சம்பலும் சேர்த்து உண்டார்கள். பேரன் ஒரு துண்டைக் கடித்து, கைக்கிறது என்று துப்பிவிட்டான். பேத்தி சீனி தொட்டு இரண்டு துண்டு தின்றாள். தாய் மூன்று நான்கு துண்டுகள் உண்டார். அவற்றில் பெரும்பாலானவை உண்மையான வள்ளியாக இருந்திருக்க வேண்டும். பிள்ளைகள் ஒதுக்கிய கைப்புத் துண்டுகளை எல்லாம் தகப்பன் எடுத்து உண்டார். “பாகற்காய் தின்கிற எனக்கு இதென்ன கைப்பு” என்று அவர் சொன்னதைப் பேத்தி எனக்கு அப்படியே ஒப்புவித்தாள். உணவை வீணாக்கக் கூடாது என்ற நல்ல பழக்கமே அந்தப் பானையிலிருந்த நஞ்சின் பெரும்பங்கை ஒரே உடலுக்குள் சேர்த்தது.

இரவு

9.30 மணியளவில் அவருக்கு நாக்கும் தொண்டையும் எரிந்து, பின் மரத்ததுபோலாயின. சம்பலின் உறைப்பு என்று எண்ணித் தண்ணீர் குடித்துப் படுத்தார். 11 மணிக்குச் சத்தி (வாந்தி) தொடங்கியது. நள்ளிரவுக்குப் பின் பேத்திக்கும், 3 மணியளவில் தாய்க்கும் சத்தியும் வயிற்றோட்டமும் வந்தன. வீட்டிலிருந்த ஜீவனி என்ற உப்புக்கரைசல் தூள் பைக்கற்றைக் கரைத்துக் கொடுத்தார்கள், குடித்தது தங்கவில்லை. தகப்பனுக்கு வயிற்றோட்டம் தண்ணீராகவே போயிற்று. விடியப்புறம் அயலவரின் ஓட்டோவில் ஏற்றி, 6 மணிக்கு முன்பாக அருகிலுள்ள சிறிய வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள்.

அங்கே கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்றதற்குத் தாய், மத்தியானம் மீன் கறியும் சோறும், இரவு வள்ளிக் கிழங்கு என்றார். அது அவரறிந்த உண்மை. சேலைன் ஏற்றப்பட்டது, சத்தி நிற்க ஊசி போடப்பட்டது, உணவு நஞ்சாதல் என்று பதியப்பட்டது. உணவு நஞ்சாதல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாகையால் எச் 544 படிவம் நிரப்பப்பட்டு, 8.15 மணிக்கு எனக்குத் தொலைபேசியிலும் தகவல் வந்தது.

நான் கண்டதும் காணத் தவறியதும்

இப்பகுதியை விரிவாக எழுதுவது அவசியம், ஏனெனில் தவறு என்னுடையது.

அந்த வாரத்தில் அதே கிராமத்தில் இன்னும் இருவர் வயிற்றோட்டத்துக்கு மருந்தெடுத்திருந்தார்கள். மாரி வெள்ளம் வடிந்து கிணறுகள் நிரம்பியிருந்த காலம். ஆகவே வீட்டுப் படலையைத் திறக்கும்போதே கிணற்று நீரையும் முதல்நாள் மீன் கறியையும் குற்றவாளிகளாக என் மனம் தீர்மானித்துவிட்டது. கிணற்று நீரைக் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்தேன். சட்டியில் எஞ்சியிருந்த யப்பான் மீன் கறியிலும் சம்பலிலும் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு ஐஸ் பெட்டியில் வைத்தேன். குசினி அரைச்சுவரில் அவிக்காத கிழங்கொன்று மிஞ்சிக் கிடந்தது. அதை நான் பார்த்தேன். என் குறிப்புப் புத்தகத்தில் “கிழங்கு, பச்சை, 1” என்ற வரி இன்றும் இருக்கிறது. எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவித்து உண்ட கிழங்கில் கிருமி இருக்க வாய்ப்பில்லை என்பது என் கணக்கு. கிருமியைத் தேடுபவனுக்கு அது சரியான கணக்குத்தான்.

ஏறக்குறைய ஐம்பது நிமிடம் இப்படிக் கழிந்தது. பேரனைப் பார்த்துக்கொண்டிருந்த அயல்வீட்டு மூதாட்டி, அரைச்சுவரிலிருந்த கிழங்கைக் கையிலெடுத்து, இரு கிளைகளும் சேரும் முழங்கையைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, “இது கலப்பைக் கிழங்கெல்லோ மகன்” என்றார். அவருடைய தகப்பன் நாட்டு வைத்தியத்துக்கு வேர் பிடுங்கியவராம். கிழங்கைக் கவிழ்த்துப் பிடித்தபோது எனக்கும் தெரிந்தது: உழுகிற கலப்பையின் வளைவு. அப்பெயர் தெரிந்திருந்தும், அது வடிவத்தைச் சொல்லும் பெயர் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

மூன்றாவது குழிக்குப் போனோம். கொடி இல்லை. ஆனால் குழிக்கு நேர் மேலே வேலிக் கம்பியில் காய்ந்த இலையொன்று தொங்கியது. அதன் நுனி கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றியபடியே உலர்ந்திருந்தது. வள்ளி இலை அப்படிப் பற்றாது. அதன் தண்டுதான் சுற்றும். பக்கத்தில் வெடித்த காய் ஒன்றும், அதனுள் சிவந்த விதைகள் சிலவும் கிடைத்தன. கிழங்கு, இலை, காய் மூன்றையும் படமெடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவருடைய பதிலுக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்போது மணி 10.40. உண்டு பதினைந்து மணி நேரம் கழிந்திருந்தது.

எடுத்த தீர்மானங்களும் அவற்றின் காரணங்களும்

என் அழைப்பு போய்ச் சேர்ந்தபோது மூவருக்கும் சத்தி தணிந்திருந்தது. தாயையும் மகளையும் பின்னேரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று வைத்திய அதிகாரி எண்ணியிருந்தார். சாதாரண உணவு நஞ்சாதலாயின் அது பிழையான எண்ணமன்று. கொல்சிசின் நஞ்சிலோ, வயிறு தணிவது முதற்கட்டம் முடிந்ததற்கு மட்டுமே அடையாளம்.

அதன் காரணத்தை இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, உள்ளிருக்கும் குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்ணிய இழைகள் கட்டப்படுகின்றன. கொல்சிசின் அந்த இழைகளைக் கட்டவிடாது. ஆகவே உடலில் எந்த உயிரணுக்கள் விரைவாகப் பெருகுகின்றனவோ அவையே முதலில் அடிபடும். குடலின் உட்தோல் சில நாட்களுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவது. முதல் நாளிலேயே அது சத்தியாகவும் வயிற்றோட்டமாகவும் வெளிப்படும். 24 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில் இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், தசைகள் பாதிக்கப்படலாம். எலும்பு மச்சையில் இரத்த அணுக்களின் உற்பத்தி நின்றுபோவதால் மூன்றாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை வெள்ளணுக்களும் குருதிச் சிறுதட்டுகளும் வீழும். பிழைத்தவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் முடி கொட்டும்.

அளவையும் பார்க்கலாம். மூட்டுகளில் யூரிக் அமிலம் படிந்து வரும் வாதத்துக்குக் கொல்சிசின் மாத்திரை இன்றும் கொடுக்கப்படுகிறது. ஒரு மாத்திரையில் அரை மில்லிகிராம் இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராமைத் தாண்டினால் எலும்பு மச்சை பாதிக்கப்படும் என்றும், 0.8 மில்லிகிராமைத் தாண்டினால் பிழைப்பது அரிது என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கார்த்திகைக் கிழங்கில் எடைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு கொல்சிசின் இருப்பதாகக் கொண்டால் 30 கிராம் கிழங்கில் 30 மில்லிகிராம், அதாவது 60 மாத்திரை அளவு இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது அந்த முதல் எல்லை. 30 கிராம் என்பது ஆள்காட்டி விரலளவு துண்டு. அவித்தாலும் அந்நஞ்சு அழிவதில்லை.

இவற்றை வைத்தியசாலை அதிகாரி கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்துடன் பேசி உறுதிசெய்துகொண்டார். அதன்பின் மூன்று தீர்மானங்கள் எடுக்கப்பட்டன.

முதலாவது, தாவரம் எதுவென்று ஐயமற நிறுவப்படும்வரை காத்திராமல், அதுதான் என்று கொண்டு நடப்பது. பிழையாக ஐயுற்றால் இழப்பது இரண்டு நாள். ஐயுறாமல் விட்டால் இழக்கக்கூடியது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, உண்டு பல மணி நேரம் கடந்திருந்தும் நச்சுறிஞ்சும் கரியைக் கரைத்து மீண்டும் மீண்டும் கொடுப்பது. கொல்சிசின் ஈரல் வழியாகப் பித்தத்துடன் மறுபடி குடலுக்குள் வருவதால், பிந்திக் கொடுத்த கரியும் ஓரளவு பயன்படக்கூடும். மூன்றாவது, நால்வரையும் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவது. நோயே இல்லாத பேரனும் இதில் அடக்கம். துப்பினான் என்று வீட்டார் சொன்னார்கள். எவ்வளவு விழுங்கினான் என்பதை எவரும் பார்க்கவில்லை. சிறு உடலுக்குச் சிறு துண்டே போதும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இரண்டு முறை வந்தது. முதலில் தகப்பனும் மகளும், பின்னர் தாயும் பேரனும் மண்முனைப் பாலத்தைக் கடந்து போனார்கள். 2014இல் அப்பாலம் திறக்கும்வரை அவ்விடத்தில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் வாவியைக் கடந்தோம். அவ்வளவு நீர் இழந்த ஒருவரைப் பாதையில் கிடத்திக் கொண்டுபோவதை அன்று நினைத்துப் பார்த்தேன். கிழங்கைக் கடதாசிப் பையிலிட்டு, உண்ட நேரம், ஒவ்வொருவரும் உண்ட துண்டுகள், அறிகுறி தொடங்கிய நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவர்களுடனேயே அனுப்பினேன்.

வைத்தியசாலையில் நடந்தது

பேரனுக்கு எதுவும் வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். தாய்க்கு வயிற்றோட்டம் இரண்டு நாளில் நின்றது. இரத்த அணுக்கள் குறையவில்லை. மகளின் வெள்ளணுக்கள் நான்காம் நாளில் 2,800 வரை இறங்கி, பின் தாமாகவே ஏறின. பத்தாம் நாள் அவள் வீடு திரும்பினாள்.

தகப்பனின் நிலைதான் கடினமாயிற்று. இரண்டாம் நாள் இரத்த அழுத்தம் வீழ்ந்தது; சிறுநீர் குறைந்தது; தசைகள் தொடமுடியாதபடி வலித்தன. கொல்சிசினுக்கு வழக்கில் உள்ள மாற்று மருந்து கிடையாது. அது உடலின் திசுக்களில் போய் ஒட்டிக்கொள்வதால் இரத்தச் சுத்திகரிப்பும் அதை வெளியேற்றாது. செய்யக்கூடியது, நீரையும் உப்புகளையும் அளந்து கொடுத்து, ஒவ்வோர் உறுப்பையும் தாங்கிப்பிடித்து, நஞ்சு கழியும்வரை நோயாளியை உயிருடன் வைத்திருப்பதுதான். ஐந்தாம் நாள் வெள்ளணுக்கள் 900 ஆயின. அன்றே காய்ச்சலும் ஏறியது. அவரைத் தனியறைக்கு மாற்றி, வெள்ளணு வளர்ச்சியைத் தூண்டும் ஊசியையும் நுண்ணுயிர்க்கொல்லிகளையும் தொடங்கினார்கள். நுண்ணுயிர்க்கொல்லியைத் தெரிவதிலும் கவனம் வேண்டியிருந்தது: கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்றவை கொல்சிசின் உடலிலிருந்து கழிவதைத் தடுப்பவை. எட்டாம் நாள் எண்ணிக்கை அசைந்தது; பத்தாம் நாள் வழமையையும் தாண்டி ஏறியது. மச்சை மீண்டதற்கு அது அடையாளம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். 19ஆம் நாள் வீட்டுக்கு வந்தார்.

முடி

பதின்மூன்றாம் நாள் தாய் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மகளுக்குத் தலை வாரியபோது பின்னலின் பாதி சீப்போடு வந்துவிட்டது என்றும், விஷம் திரும்ப ஏறுகிறதா என்றும் கேட்டார். அழவில்லை; ஆனால் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார். அதே வாரத்தில் தகப்பனின் தலைமுடி முழுவதும், புருவமும் சேர்ந்து உதிர்ந்தது. இலங்கையில் இக்கிழங்கை உண்டு பிழைத்த ஒருவருக்கு உடல் முடி பெருமளவில் கொட்டியதை 1966ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழொன்று பதிவு செய்திருக்கிறது. ஆகவே இது எதிர்பாராததன்று. ஆனால் அந்தத் தாய்க்கு அதை முன்கூட்டி எவரும் சொல்லவில்லை. வைத்தியர்களின் கவனம் முழுவதும் தகப்பனின் உயிரில் இருந்தது. என் கவனம் மற்றைய வீடுகளின் வேலிகளில் இருந்தது.

மகள் இரண்டு மாதம் துணியால் தலையை மூடிக்கொண்டே பாடசாலைக்குப் போனாள். வகுப்பாசிரியையிடம் முன்னரே பேசி வைத்ததால் கேள்விகள் குறைந்தன. மூன்று மாதம் கழிந்தபோது இருவருக்கும் முடி வளர்ந்துவிட்டது. தகப்பன் இழந்தது முடி மட்டுமன்று. அந்தப் பெரும்போக அறுவடையின் எஞ்சிய கூலி முழுவதும் போயிற்று.

ஆய்வுகூட அறிக்கை

மூன்று வாரம் கழித்து மாதிரிகளின் அறிக்கை வந்தது. மீன் கறியில் குறைபாடில்லை. கிணற்று நீரில் கோலிபோம் கிருமிகள் இருந்தன.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த மூதாட்டி அன்று வாய் திறவாதிருந்தால், என் முதல் ஊகத்தை இந்த அறிக்கை உறுதிப்படுத்தியிருக்கும். கிணற்றுக்குக் குளோரின் இட்டு, “மாசடைந்த நீரினால் ஏற்பட்ட உணவு நஞ்சாதல்” என்று கோப்பை மூடியிருப்பேன். மழை முடிந்தபின் எங்கள் பகுதிக் கிணறுகள் பலவற்றில் கோலிபோம் இருக்கும். அது இருப்பது வேறு, அந்த இரவுக்கு அது காரணமாவது வேறு.

கிராமத்தில் செய்தது

கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், எல்லா வளவிலும் இக்கொடியைப் பிடுங்கி எறிய உத்தரவிட வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நான் உடன்படவில்லை. மண்ணுள் உறங்கும் கிழங்கைத் தேடிப் பிடுங்குகையில் பாதி உடைந்து உள்ளேயே தங்கும். அடுத்த மாரியில் மீண்டும் முளைக்கும். பிடுங்கியதைக் குப்பையில் எறிந்தால் பிள்ளைகளின் கைக்கும் கால்நடைகளின் வாய்க்கும் போகும். அன்றியும் இப்பூவுக்கு எங்கள் பகுதியில் அழகைத் தாண்டிய பொருள்களும் உண்டு. அரச உத்தியோகத்தன் ஒருவன் அதைப் பிடுங்கச் சொன்னால் அச்சொல் சுகாதாரச் சொல்லாக மட்டும் கேட்கப்படாது. ஒளித்து வளர்க்கப்படும் செடி, கண்ணெதிரே வளர்க்கப்படும் செடியைவிட ஆபத்தானது.

அதுவரை எங்கள் எச்சரிக்கைகளும் பிழையான காலத்திலேயே போய்ச் சேர்ந்தன. பூத்திருக்கும்போது, பூவைக் காட்டி, இதைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். பூவை எவரும் அவித்துத் தின்னப் போவதில்லை. தோண்டுகிறவர் மாசியில் தோண்டுகிறார். அப்போது காட்டுவதற்குப் பூ இல்லை.

ஆகவே, கொடி பூத்து நிற்கும் கார்த்திகையிலேயே அதன் அடியை அடையாளமிடுவது என்று முடிவாயிற்று. வேலிக் கதியாலின் முழங்கால் உயரத்தில் சிவப்பு வர்ணத்தால் வளையமொன்று பூசுவது; வளையமுள்ள கதியாலிலிருந்து இரண்டு முழத்துக்குள் எதையும் தோண்டி உண்பதில்லை. வள்ளியை வேலியிலிருந்து அகற்றித் தனி மேட்டில் கொம்பு நட்டுப் படரவிடுமாறு விவசாயப் போதனாசிரியர் வீடு வீடாகச் சொன்னார்; பாதிப்பேர் கேட்டார்கள். மூதாட்டி கொண்டுவந்த கிழங்கொன்றையும் சிறுவள்ளி, இராசவள்ளி, வற்றாளை ஆகியவற்றையும் அருகருகே வைத்துக் கூட்டத்தில் காட்டினோம். பேசியதைவிட அதுவே மனதில் பதிந்தது என்று நினைக்கிறேன்.

மாற்றிக்கொண்டவை

இப்போது என் விசாரணையில், என்ன உண்டீர்கள் என்ற கேள்வியோடு நிறுத்துவதில்லை. எங்கே பிடுங்கியது, யார் பிடுங்கியது, வழமையாகப் பிடுங்குகிறவர் அவர்தானா என்றும் கேட்கிறேன். இந்த மூன்றாவது கேள்வியை முதல் பத்து நிமிடத்தில் கேட்டிருந்தால் அம்மம்மா திருக்கோவிலில் இருப்பது தெரிந்திருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்திருக்கும். கிழங்கு, கீரை, காளான் எதுவாயினும், சமைக்காமல் எஞ்சியதும் சீவிய தோலும் மாதிரிப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கின்றன. கைத்தது, வாய் எரிந்தது, நாக்கு மரத்தது என்று நோயாளி சொன்னால் அதைக் கிருமியின் வேலையாக எழுதுவதில்லை. தாவர நஞ்சு என்ற ஐயம் இருக்கும்வரை, வயிறு தணிந்ததை வைத்து மட்டும் எவரையும் வீட்டுக்கு அனுப்பாதிருப்பது என்று அந்த வைத்தியசாலையும் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. முடி கொட்டும் என்பதையும், பின் வளரும் என்பதையும் முதல் வாரத்திலேயே குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதை என் குறிப்புப் புத்தகத்தின் முன்னட்டை உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு

அடுத்த கார்த்திகையில் அந்த வீட்டுக்குப் போனேன். கொடி முன்னையைவிடச் செழிப்பாகப் பூத்திருந்தது. தகப்பனே வர்ணம் பூசினார். அம்மம்மா அருகில் நின்று, வளையம் சரியான கதியாலில் விழுகிறதா என்று பார்த்தார். சீமைக்கிளுவையின் பட்டை வளர வளர வர்ணம் வெடித்து உரிந்துபோகும் என்பதால் ஆண்டுதோறும் மறுபடி பூச வேண்டும் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாசியில் அவர்கள் தனி மேட்டில் தோண்டிய சிறுவள்ளியில் கொஞ்சம் எனக்கும் அனுப்பினார்கள். ஊருக்குள் வேலிகளில் வளையமிட்டாயிற்று. எல்லைப் பற்றைக்காட்டில் கதியால் எதுவும் இல்லை. அங்கே கிடப்பவற்றுக்கு அடையாளமிட இன்னும் வழி காணவில்லை.